அத்தியாயம் 4: கை நிற்கட்டும், தகடு திரும்பட்டும்

இந்த அத்தியாயம் முடியும் வரை நீங்கள் ஒரு பூவோ, கொடியோ, மயிலோ வெட்டப்போவதில்லை. முதலில் நேர்கோடு, பிறகு வளைகோடு, கடைசியில் தமிழில் உங்கள் பெயர். தினமும் அரை மணி நேரம் உட்கார முடிந்தால் இதற்கு ஆறு வாரம் பிடிக்கும். ஆசை தாங்காமல் எடுத்த எடுப்பில் மயிலுக்குப் போனவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். மூன்றாம் வாரம் உளி மேசை டிராயருக்குள் போய்விடும். அவர்களுக்குக் கை வராமல் இல்லை. மழுங்கிய உளியோடு மல்லுக்கட்டிச் சலித்துப்போனார்கள், அவ்வளவுதான்.

வேலையின் பெயரில் குழப்பம் வேண்டாம். உலோகத்தின் மேல் செய்யும் எல்லா அலங்காரத்தையும் நம் ஊரில் நகாசு வேலை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். தஞ்சாவூர்த் தட்டில் தெரியும் சாமி உருவம் தகட்டைத் தட்டிப் புடைக்கவைத்தது. அங்கே உலோகம் இடம் மாறுகிறது, குறைவதில்லை. நாம் கற்கப்போவது செதுக்கல். கூரிய முனை உலோகத்துக்குள் இறங்கி, ஒரு மெல்லிய சுருளை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டே போகும். எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது. இந்தக் கலைக்குரிய நிதானம் எல்லாம் அதிலிருந்து வருவது.

செதுக்குவதிலும் மூன்று வழி உண்டு. பாத்திரக் கடைவீதியில் சிற்றுளியும் சின்னச் சுத்தியலும் வைத்துக்கொண்டு அண்டாவிலும் குடத்திலும் பேர் வெட்டித் தந்தவர்களை நடுவயதைத் தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். அது அடித்து வெட்டும் வழி. இரண்டாவது, காற்றழுத்தத்தில் துடிக்கும் கருவியால் வெட்டுவது. மூன்றாவது, உள்ளங்கையால் தள்ளி வெட்டுவது. மேற்கே தட்டார்களும் படம் அச்சிடத் தகடு வெட்டியவர்களும் பல நூற்றாண்டுகளாகக் கையாண்டது இந்த மூன்றாவது வழியைத்தான். பொழுதுபோக்காகத் தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைப்பதும் இதுதான். செலவு குறைவு என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தள்ளி வெட்டும்போது உளி மழுங்கிய அந்த நொடியே உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். காற்றுக்கருவியோ மழுங்கிய முனையையும் முட்டித் தள்ளிக்கொண்டு போகும். கோடு அசிங்கமாக விழும், ஏன் என்று மட்டும் விளங்காது.

வாங்க வேண்டியவை

தள்ளி வெட்டும் உளியைக் கடையில் கேட்கும்போது ‘கிரேவர்’ என்று கேளுங்கள், நகைத்தொழில் கருவிகள் விற்கிறவர்களுக்கு அந்தப் பெயர்தான் பழக்கம். இந்த நூலில் செதுக்குளி என்று எழுதுகிறேன். கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. லேத் பட்டறைகளுக்குச் சாமான் விற்கும் கடையில் கால் அங்குலத்தில் பாதி, அதாவது சுமார் 3 மி.மீ. கனமுள்ள சதுர எச்.எஸ்.எஸ். டூல் பிட் வாங்குங்கள். அதுவே செதுக்குளியாகும். சாதாரண எஃகில் செய்த பழைய உளிகளைத் தீட்டும்போது சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால் பதம் போய்விடும். எச்.எஸ்.எஸ். அந்தச் சூட்டைத் தாங்கும். தொடக்கக்காரர் கைக்கு அதுவே ஏற்றது.

கைப்பிடி காளான் குடை மாதிரி, கீழ்ப்பக்கம் சீவித் தட்டையாக இருக்க வேண்டும். உங்கள் ஊர்க் கடைசல்காரர் ஒருவர் பத்து நிமிடத்தில் கடைந்து தந்துவிடுவார். நீளம் ஆளுக்கு ஆள் மாறும். கைப்பிடி உள்ளங்கைக் குழியில் உட்கார்ந்திருக்க, முனை கட்டைவிரல் நுனியைத் தாண்டி ஒன்றரை செ.மீ. அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்தால் அது உங்கள் அளவு. அதற்கு மேல் நீண்டால் முனை ஆட்டம் காணும்.

பித்தளைத் தகடு 16 கேஜ் கேளுங்கள், ஏறக்குறைய 1.6 மி.மீ. வரும். உள்ளங்கை அகலத் துண்டுகளாகப் பத்து வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். செம்பு மிருதுவானதுதான், ஆனால் முனையில் பசைபோல் ஒட்டும். அலுமினியம் அதைவிட மோசம். எவர்சில்வர் பக்கமே இப்போது போகாதீர்கள். வெட்ட வெட்ட இறுகும் குணம் அதற்கு. முதல் வெட்டில் தயங்கினீர்கள் என்றால் இரண்டாம் வெட்டுக்கு அதே இடம் இன்னும் கெட்டியாகியிருக்கும். பித்தளை நடுநிலைமையான உலோகம். தப்பு செய்தால் காட்டிக்கொடுக்கும், தண்டிக்காது.

தகட்டைப் பிடித்துக்கொள்ள உருண்டை வைஸ் என்று ஒன்று விற்கிறார்கள். நல்ல கனமான சாமான், சுற்றினால் வழவழவென்று சுழலும். விலை அதிகம். இப்போது வேண்டாம். ஒரு தோல் பையில் சலித்த மணலை இறுக்கி நிரப்பித் தைத்துக்கொள்ளுங்கள். உருண்டையும் சப்பையுமாக, ஒரு சின்ன இட்லித் தட்டு அகலத்துக்கு இருந்தால் போதும். தகட்டை ஒரு வட்டமான மரப்பலகையில் அரக்கை இளக்கி ஒட்டி, அந்தப் பலகையை மணல்மூட்டையின் மேல் வைத்தால் எந்தப் பக்கமும் திருப்பலாம், சாய்க்கலாம்.

தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி இரண்டரை அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கிக் காட்டுவதாக இருக்கட்டும். விளக்கு மட்டும் நேரே தகட்டில் அடிக்கக் கூடாது. பளபளப்பில் கோடே மறைந்துவிடும். விளக்குக்கு முன்னால் ஒரு டிரேசிங் தாளைத் தொங்கவிடுங்கள்.

தீட்டுவது

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியை இரண்டு முறை படிப்பதென்றால் இதைப் படியுங்கள். செதுக்கல் கற்பது என்பதில் சரிபாதி, தீட்டக் கற்பதுதான். நான் இதை உணர ஒன்றரை ஆண்டு ஆனது. அந்த ஒன்றரை ஆண்டை உங்களுக்கு மிச்சப்படுத்துவதற்காகவே இந்த நூலை எழுத உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

சதுரக் கம்பியை அதன் ஒரு விளிம்பு கீழே வரும்படி, வைரக்கட்டம் போலப் பிடித்துப் பாருங்கள். அந்தக் கீழ்விளிம்பின் நுனிதான் உலோகத்தை வெட்டப்போகும் முனை. அதில் நாம் உண்டாக்க வேண்டியவை மூன்றே மூன்று பட்டைகள். முன்னால் ஒரு முகப்பட்டை, அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு அடிப்பட்டை. இந்த மூன்றும் ஒரு புள்ளியில் கூடும் இடமே கூர்.

முகப்பட்டை 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். கீழ்நுனி முந்தி நிற்கும், முகம் பின்னோக்கிச் சாயும். பித்தளைக்கும் செம்புக்கும் வெள்ளிக்கும் இது சரி. இரும்பு எஃகு வெட்டப் போகும்போது 50, 55 என்று கொஞ்சம் நிமிர்த்திக்கொள்வோம், முனை ஒடியாமல் இருக்க. 45 டிகிரியைக் கண்மதிப்பில் பிடிக்க முயலாதீர்கள். ஒரு மரக்கட்டையை 45 டிகிரிக்கு அறுத்து, அந்தச் சரிவில் ‘வி’ வடிவத்தில் ஒரு பள்ளம் எடுத்துக்கொள்ளுங்கள். உளியைப் பள்ளத்தில் படுக்கவைத்து, கட்டையோடு சேர்த்துக் கல்லின் மேல் நகர்த்தினால் சாய்வு மாறவே மாறாது. முதலில் 400 எண் வைரக்கல், பிறகு 1000 அல்லது 1200. கல்லுக்கு வசதியில்லாதவர்கள் கண்ணாடித் துண்டின் மேல் வாட்டர் பேப்பரை ஒட்டித் தண்ணீர் தெளித்துத் தேய்க்கலாம். நான் முதல் ஆண்டு முழுவதும் அப்படித்தான் தீட்டினேன். தொடங்குமுன் உளியின் மேற்புறத்தை பெஞ்ச் கிரைண்டரில் சரித்துத் தேய்த்து, முகத்தின் பரப்பைக் குறைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தீட்டும் நேரம் பாதியாகும்.

அடுத்தது அடிப்பட்டை. எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். அடிப்பட்டை இல்லாவிட்டால் உளியைத் தகட்டோடு படுக்கவைத்துத்தான் வெட்ட முடியும். கை தகட்டில் இடிக்கும், வளைவில் திரும்ப வராது. அடியில் 15 டிகிரி பட்டை வைத்தால் கை அந்த அளவுக்கு மேலே எழும்பி நின்று வேலை செய்யும். அளக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். உளியின் அடிப்பக்கம் ஒன்றைக் கல்லில் தட்டையாகப் படியவையுங்கள். முனை கல்லைத் தொட்டபடி இருக்க, முனையிலிருந்து 10 செ.மீ. பின்னால் உள்ள இடத்தை 2.6 செ.மீ. உயர்த்துங்கள். அது 15 டிகிரி. அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டு அறுத்து வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டியதில்லை.

இப்போது நுண்ணிய கல்லில் மூன்றே மூன்று இழுப்பு. மறுபக்கத்தைப் படியவைத்து மூன்று இழுப்பு. கண்ணாடி வைத்துப் பாருங்கள். இரண்டு பட்டையும் ஒரே அளவில், அரை மி.மீ. நீளத்துக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் பெரிதானால் உளி அந்தப் பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். இரண்டுமே நீண்டுவிட்டால் வளைவில் என்ன ஆகும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நீண்டுவிட்டால் திருத்த வழி ஒன்றுதான்: முகப்பட்டையை மறுபடி தீட்டுங்கள். முகம் பின்வாங்கப் பின்வாங்க அடிப்பட்டை தானே குறுகும்.

கடைசியில் அடிப்பட்டைகளை மெருகேற்ற வேண்டும். 2000 எண் வாட்டர் பேப்பர், அதற்கு மேல் வைரப் பசை தடவிய கெட்டியான தட்டு. இதைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆனால் நீங்கள் வெட்டும் கோட்டின் இரண்டு சுவர்களும் அடிப்பட்டையின் நகல்தான். பட்டையில் கீறல் இருந்தால் கோடு முழுக்க அந்தக் கீறல் ஓடும். பட்டை கண்ணாடிபோல் இருந்தால் கோடும் கண்ணாடிபோல் மின்னும். பழைய வெள்ளிச் சாமான்களில் வெட்டு வரிகள் பளிச்சிடுவதைப் பார்த்து இதற்கு ஏதோ ரகசிய மெருகு போட்டிருக்கிறார்கள் என்று நான் வெகுநாள் நினைத்தேன். மெருகு வெள்ளியில் போடப்பட்டதல்ல, உளியில் போடப்பட்டது.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு சோதனை. முனையை இடது கட்டைவிரல் நகத்தின் மேல் பாரம் கொடுக்காமல் வையுங்கள். வழுக்கினால் கூர் இல்லை. ஒட்டிக்கொண்டதுபோல் நின்றால் இருக்கிறது. இரண்டாவது, முனையைக் கண்ணாடியின் கீழ் விளக்குக்கு நேரே திருப்புங்கள். நுனியில் வெள்ளியாய் ஒரு பொட்டு மின்னினால் அங்கே முனை ஒடிந்திருக்கிறது. கூரிய நுனியில் வெளிச்சம் தங்க இடமே இருக்காது.

முதல் வாரம் வெட்டவே வேண்டாம். தீட்டுங்கள், வேண்டுமென்றே முனையைத் தேய்த்துக் கெடுங்கள், மறுபடி தீட்டுங்கள். இருபது முறை செய்தவருக்கு அப்புறம் தீட்டுவது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடம் பயமாக இல்லாதவரே மழுங்கியவுடன் உளியைத் தீட்ட எழுந்திருப்பார். மற்றவர்கள் ‘இன்னும் ஒரு கோடு’ என்பார்கள்.

அந்த ‘இன்னும் ஒரு கோடு’ எனக்குத் தந்த தழும்பு இடது கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இருக்கிறது. முனை மழுங்கியது தெரிந்தும் பலத்தைக் கூட்டினேன். உளி வழுக்கிக்கொண்டு பாய்ந்தது. இரண்டு தையலும் ஒரு தடுப்பூசியும். கூரான உளி குத்துவதைவிட மழுங்கிய உளிதான் அதிகம் குத்துகிறது, ஏனென்றால் மழுங்கிய உளியைத்தான் நாம் பலம் கொண்டு தள்ளுகிறோம். உளி போகும் திசைக்கு நேர் எதிரே இடது கை ஒருபோதும் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் பிடியுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். சுருள்களை வாயால் ஊதாதீர்கள், தூரிகையால் தள்ளுங்கள். அவை பார்வைக்குத்தான் மெலிது, தோலில் ஏறினால் முள்.

நேர்கோடு

மேசை உங்கள் நெஞ்சின் உயரத்துக்கு வரும்படி நாற்காலியைத் தாழ்த்துங்கள். குனிந்து செய்தால் கழுத்து வலிக்கும் என்பதோடு, பாரம் தோளிலிருந்து இறங்கி உளியை அழுத்தத் தொடங்கும். இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்றியிருக்கட்டும். உளியின் கைப்பிடி உள்ளங்கையில், ஆள்காட்டி விரல் உளியின் பக்கவாட்டில், கட்டைவிரல் தகட்டின் மேல். கட்டைவிரலை ஊன்றுகோல் என்று நினையுங்கள். உளி அதன் ஓரமாக வழிந்து முன்னே போகும், விரல் நகராது. வழுக்கினால் நிறுத்துவதும் அந்த விரல்தான்.

தகட்டில் வெள்ளைப் போஸ்டர் கலரை மெல்லியதாகத் தடவி உலரவிட்டு, கூரிய பென்சிலால் ஒரு மி.மீ. இடைவெளியில் 3 செ.மீ. நீளக் கோடுகள் போட்டுக்கொள்ளுங்கள். முனையைக் கோட்டின் தொடக்கத்தில் வைத்து, கைப்பிடியைச் சற்று உயர்த்தி முனை கடிக்கும்படி செய்யுங்கள். கடித்ததும் கையைத் தாழ்த்தித் தள்ளுங்கள். சுருளைக் கவனியுங்கள், உங்களுக்கு அருகில் ஆசிரியர் இல்லாதபோது அதுதான் ஆசிரியர். ஒரே கனத்தில் சுருண்டு எழுந்தால் எல்லாம் சரி. தடித்துக்கொண்டே போய் உளி நின்றுவிட்டால் கை உயர்ந்துவிட்டது. மெலிந்து அறுந்து உளி வழுக்கினால் கை தாழ்ந்துவிட்டது. சுருளே எழாமல் பொடிப்பொடியாக உதிர்ந்தால் தகடு வார்ப்புப் பித்தளையாக இருக்கலாம், அல்லது முனை போயிருக்கலாம். முதலில் முனையைப் பாருங்கள்.

கோட்டின் முடிவில் உளியை வெடுக்கென்று பிடுங்காதீர்கள். கையை மெல்லத் தாழ்த்திக்கொண்டே தள்ளினால் முனை தானாக மேலே வந்து சுருளை அறுத்துவிட்டு வெளியேறும். கோட்டோரத்தில் பிசிறு நின்றால் சுரண்டியைப் படுக்கவைத்து ஒரே இழுப்பில் எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பிசிறோடு கோட்டின் கூர்மையும் போய்விடும். நல்ல முனை வெட்டிய கோட்டில் பிசிறே அநேகமாக இருக்காது.

ஒரு தகட்டில் நூறு கோடு. மூன்று தகடு. சலிப்பாகத்தான் இருக்கும். சலிப்பு வரும்போது ஆல்பிரெக்ட் டியூரரின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜெர்மனியின் நியூரம்பெர்க்கில் ஒரு தட்டாரின் மகனாகப் பிறந்து, அப்பாவின் பட்டறையில் உலோக வேலை கற்றவர் அவர். குதிரை வீரனும் மரணமும் சாத்தானும் வரும் படம் 1513-இல் வந்தது. ‘மெலன்கோலியா’, படிப்பறையில் புனித ஜெரோம் இருக்கும் படம் இரண்டும் 1514-இல். மூன்றும் செம்புத் தகட்டில் கையால் தள்ளி வெட்டி அச்செடுத்தவை. ஜெரோமின் அறைக்குள் சன்னல் வழியாக வெயில் விழுகிறது, சுவரில் மங்கலாகப் படர்கிறது. அந்த வெயிலை நெருங்கிப் பார்த்தால் இருப்பதெல்லாம் கோடுகள், கோடுகளுக்கு இடையே விட்ட இடம். ஒரு மி.மீ. இடைவெளி தவறாமல் நூறு கோடு வெட்டும் கை, நிழல் போடக் கற்றுக்கொண்டிருக்கும் கை.

வளைகோடு

நேர்கோட்டில் தேறியவர்களும் வளைவு வந்ததும் மணிக்கட்டைத் திருப்புவார்கள். பேனா பிடித்த பழக்கம் அது. பேனாவில் தாள் நிற்கும், கை போகும். இங்கே நேர்மாறு. வலது கை ஒரே திசையில் தள்ளிக்கொண்டிருக்க, இடது கை தகட்டை உளிக்குள் திருப்பித் திருப்பி ஊட்டும். பாத்திரத்தில் பேர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பக்கத்தில் ஒருநாள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அவருடையது அடித்து வெட்டும் முறை. ஆனாலும் சொன்னது இதையேதான்: “தம்பி, கை எங்கயும் போகக் கூடாது. பாத்திரம்தான் கைக்கு வரணும்.”

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிதல்ல. பனையோலையில் எழுதியவர்கள் இப்படித்தான் எழுதினார்கள். இடது கை ஓலையைத் தாங்கும். எழுத்தாணி இடது கட்டைவிரலில் சாய்ந்து நிற்கும், அதற்காக நகத்தில் சின்னப் பள்ளம் வெட்டிக்கொள்வதும் உண்டு. எழுத எழுத ஓலை இடப்பக்கம் நகரும். எழுத்தாணியின் இடம் பெரிதாக மாறாது. தாளும் மேசையும் வந்தபின் நம் கை மறந்துபோன பழக்கம் அது. செதுக்குளி பிடிக்கும்போது அதைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள், அவ்வளவே.

பயிற்சிக்கு முதலில் ஒரு ரூபாய் நாணயத்தைத் தகட்டில் வைத்து வட்டம் வரைந்து, அதன் கால்பகுதியை மட்டும் வெட்டுங்கள். பிறகு அரைவட்டம். பிறகு முழுவட்டம், இரண்டு வெட்டில். அதன்பின் வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே போங்கள். மிளகு அளவுக்கு வந்ததும் ஒன்று நடக்கும்: வளைவின் வெளிப்பக்கச் சுவர் மட்டும் தேய்ந்து, நசுங்கி, அகலமாகத் தெரியும். கை நடுங்கிவிட்டதென்று நினைப்பீர்கள். அது கையின் குற்றமில்லை. முனை திரும்பிவிடுகிறது, பின்னால் வரும் அடிப்பட்டை நீளமாக இருப்பதால் திரும்ப முடியாமல் வெளிச்சுவரைத் தேய்த்துக்கொண்டு வருகிறது. சின்னச் சந்தில் நீளமான பஸ் திரும்பும்போது அதன் வால்பகுதி என்ன செய்யும் என்று பார்த்திருப்பீர்களே! அடிப்பட்டையை இன்னும் குறுக்குங்கள், கால் மி.மீ. வரை. இறுக்கமான வளைவுக்கென்று குட்டைப் பட்டையில் இன்னொரு உளி வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

வளைவு கைவந்ததும் உளியைக் கொஞ்சம் ஒரு பக்கமாகப் புரட்டிப் பாருங்கள். தள்ளிக்கொண்டே புரட்டினால் கோடு அகலும், நிமிர்த்தினால் ஒடுங்கும். மெலிந்து, தடித்து, மறுபடி மெலிந்து ஓடும் அந்தக் கோடு முதல்முறை சரியாக வந்த நாளில் நான் தகட்டை வீட்டில் எல்லாரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தேன். நீங்களும் திரிவீர்கள்.

தமிழ் எழுத்து

செதுக்கல் பற்றிய புத்தகங்களும் படங்களும் பெரும்பாலும் ரோமன் எழுத்தை வைத்தே சொல்லிக்கொடுக்கின்றன. அங்கே நேர்கோடும், எழுத்தின் நுனியில் வரும் முனைக்கட்டும்தான் பாடம். தமிழுக்கு அந்த வரிசை பொருந்தாது. ஓலையில் நேர்க்கோடு இழுத்தால் கிழியும் என்பதால் வட்டமாகப் பழகிய எழுத்து நம்முடையது. அந்த வட்டங்களை உலோகத்தில் இறக்குவதுதான் நம் பாடம்.

ட, ப, ம, ய ஆகிய நான்கில் தொடங்குங்கள். ட-வில் ஒரு மூலையும் இரண்டு கோடுகளும் மட்டுமே. மூலையில் உளியைத் திருப்பாதீர்கள். செங்குத்துக் கோட்டை மூலை வரை வெட்டி வெளியேறி, படுக்கைக் கோட்டை மறுமுனையிலிருந்து தொடங்கி மூலையில் கொண்டுவந்து முடியுங்கள். அடுத்து வ, ல, ன. இவற்றின் உள்சுழியே கடினம். சுழியை முதலில், குட்டைப் பட்டை உளியால் வெட்டிவிட்டு, பெரிய வளைவை வெளியிலிருந்து கொண்டுவந்து அதில் சேருங்கள். பெரிய வளைவை வெட்டிக்கொண்டே போய்ச் சுழிக்குள் நுழைந்தால் கடைசி நெருக்கத்தில் கை இறுகிவிடும். ண-வுக்கு இதே முறை, சுழி ஒன்று கூடுதல், அவ்வளவுதான். ழ-வையும் இ-யையும் ஆறாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் ழ வந்தால் மட்டும் இரண்டு தகடு அதற்கென்று ஒதுக்குங்கள்.

புள்ளிக்கு ஒரு வழி: உளியைச் செங்குத்தாக்கி முனையை ஊன்றி, தகட்டை ஒரு முழுச்சுற்று சுற்றுங்கள். சின்னக் கூம்பாகக் குழி விழும். ஓலையில் பொத்துவிடும் என்று புள்ளியை வைக்காமலே விட்டார்கள். உலோகத்தில் அந்தப் பயமில்லை. துணிந்து வையுங்கள், ஆனால் கடைசியில் வையுங்கள். ஒரு எழுத்து இடம் மாறிவிட்டால் புள்ளியை நகர்த்திச் சமன் செய்ய வாய்ப்பிருக்கும்.

தமிழை உலோகத்தில் வெட்டுவதற்கு முன்மாதிரி தேடினால் செப்பேடுகளைவிடப் பெரிய பள்ளிக்கூடம் இல்லை. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை முதலாம் இராசராசன் கொடுத்த செய்தி 21 ஏடுகளில் வெட்டப்பட்டிருக்கிறது. அதில் 5 ஏடு வடமொழி, 16 ஏடு தமிழ். முதலாம் இராசேந்திரனின் திருவாலங்காட்டுச் செப்பேடு 31 ஏடுகள். இவற்றின் நிழற்படங்களைப் பெரிதாக்கி, என்ன எழுதியிருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எப்படி வெட்டியிருக்கிறது என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, வளைவு எத்தனை வெட்டில் வந்திருக்கிறது? ஏடு ஏடாக எழுத்தின் உயரம் மாறாமல் போகும் அந்த வரிகளை ஒரு சாயங்காலம் முழுக்கப் பார்த்தபின் என் எழுத்து மாறியது. சென்னையில் இருப்பவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் செப்பேடுகளை நேரிலேயே பாருங்கள்.

பெயரைத் தகட்டில் வரைந்ததும் ஊசியால் லேசாகக் கீறிக்கொள்ளுங்கள், வெள்ளைப் பூச்சு கையில் பட்டு அழிந்தாலும் வரைவு நிற்கும். நடு எழுத்திலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் போனால் இடம் பற்றாமல் கடைசி எழுத்து நெருங்கும் தொல்லை இல்லை. வெட்டி முடித்ததும் கோடுகளுக்குள் கறுப்பு எனாமலைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்துவிடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு குறையும் பளிச்சென்று கண்ணில் படும். குறையைப் பார்த்துக் கலங்க வேண்டாம். எந்தக் குறை கூரால் வந்தது, எது கையால் வந்தது என்று பிரித்துத் தகட்டின் பின்புறம் எழுதி, தேதியும் போட்டு வையுங்கள்.

முதல் பாத்திரம்

ஆறாவது வார முடிவில் ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு வாங்குங்கள். கழுத்துக்குக் கீழே, வயிறு தொடங்கும் இடத்தில் பெயர் வரட்டும். அங்கே வளைவு குறைவு. உள்ளே வெற்றிடமாக இருந்தால் சுவர் அதிரும், உளி துள்ளும். ஈரமணலை இறுக்கி நிரப்பி வாயைத் துணியால் கட்டிவிடுங்கள், அல்லது அரக்கை உருக்கி ஊற்றி ஆறவிட்டு, வேலை முடிந்ததும் சூடுகாட்டி எடுத்துவிடுங்கள். பாத்திரத்தின் சுவர் தகட்டைவிட மெல்லியது, ஆகவே கோடு ஆழம் வேண்டாம். ஆழம் போதவில்லை என்று தோன்றினால் அதே கோட்டில் இன்னொரு முறை லேசாகப் போங்கள்.

வீட்டில் இருக்கும் பழைய பாத்திரத்தில் மட்டும் பழகாதீர்கள். பாட்டி வீட்டுச் சீராக வந்த அண்டா, குடம், குத்துவிளக்கு எதிலாவது ஒரு பெயரும் ஊரும் கையால் வெட்டியிருக்கும். அந்த எழுத்துகளை வெட்டியவர் யாரென்று இனி யாராலும் சொல்ல முடியாது. இப்படிப்பட்ட பாத்திரங்கள் இன்றும் எடைக்கு எடை போட்டு உருக்கப்படுகின்றன. உங்கள் வீட்டிலும் எடைக்குப் போடும் பேச்சு எழுந்தால், அதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். பெயர் இருக்கும் இடத்தில் மெல்லிய தாளை வைத்து, மிருதுவான பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்து, அந்த எழுத்துகளைப் பிரதி எடுத்து நாள் குறித்து வையுங்கள். அடுத்த அத்தியாயத்துக்கு அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாருங்கள்.